கதாநாயகி எங்கே?

எங்கள் தெருவில் பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள். என்னிடம் புத்தகம் வாங்கிப் போவதும், படித்துவிட்டுத் திருப்பித் தரும்போது அதைப் பற்றி ஓர் அபிப்பிராயம் சொல்லிவிட்டுப் போவதும் அவள் வழக்கம். எழுத்தாளனுக்கு வாய்க்கும் விமரிசகர்களில் குழந்தைகளே அபாயமானவர்கள். நம்மிடம் அவர்களுக்கு ஆக வேண்டிய காரியம் ஒன்றும் இல்லையல்லவா?

சென்ற கோடை விடுமுறையில் அவளுக்கு ஒரு பழைய சித்திரக் கதைப் புத்தகம் கொடுத்தேன். என் அண்ணன் டிரங்குப் பெட்டியில் நெடுங்காலம் ஒளித்து வைத்திருந்த சொத்து அது. அட்டை போய்விட்டது, முதல் இரண்டு பக்கங்களும் போய்விட்டன. ஆனாலும் கதாநாயகி யார் என்று கண்டுகொள்வதில் சிரமம் இல்லை. மாடஸ்டி பிளைஸி.

இந்த அம்மாளை அறியாத வாசகர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 1963-ஆம் ஆண்டில் லண்டன் 'ஈவினிங் ஸ்டாண்டர்ட்' பத்திரிகையில் பீட்டர் ஓ'டானெல் எழுத, ஜிம் ஹோல்டவே படம் வரைய, தினம் ஒரு துண்டாகப் பிறந்தவள் இவள். சிவகாசியிலிருந்து 'லயன் காமிக்ஸ்' 1984 ஜூலையில் வெளிவரத் தொடங்கியபோது அதன் முதல் இதழே 'கத்தி முனையில் மாடஸ்டி'தான். ஆண்களே குதித்தும் பாய்ந்தும் உலகத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்த நாளில், ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லிக் கடை திறந்தது சின்ன விஷயம் அல்ல. மாடஸ்டிக்குப் பறக்கத் தெரியாது. 1972-இல் 'முத்து காமிக்ஸ்' கொண்டுவந்த இரும்புக்கை மாயாவியைப் போல மின்சாரம் பாய்ந்தால் மறைந்துபோகவும் தெரியாது. புத்தியும் துணிச்சலுமே அவள் ஆயுதங்கள். அவளுக்கு ஒரு தோழன் உண்டு. வில்லி கார்வின் என்று பெயர். கத்தி வீசுவதில் மன்னன். சிறையில் கிடந்தவனை மீட்டு அவள் மனிதனாக்கினாள் என்பது கதை. அந்த நன்றியில் அவன் அவளை 'இளவரசி' என்றே கூப்பிடுவான்.

பெண் புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவந்தாள். முகத்தில் திருப்தி இல்லை.

"மாமா, இது யாரு கதை?"

"மாடஸ்டி கதை."

"இல்ல மாமா. கத்தி வீசறது அந்த வில்லி. ஜோக் அடிக்கறது அவரு. அடிபட்டுக் கட்டுப் போட்டுனு கிடக்கறதும் அவரு. இன்னொரு பெரியவரு ஆபீசுல உக்காந்துனு எல்லாத்தையும் முடிவு பண்றாரு. இந்தக்கா நடுவுல நடுவுல வந்து நிக்கறாங்க. அப்ப எதுக்கு இவங்க பேரு?"

மாடஸ்டிக்கு நியாயம் செய்ய வேண்டுமானால், எல்லாக் கதைகளிலும் அவள் அப்படி இல்லை என்று சொல்ல வேண்டும். திட்டம் போடுகிறவளும் முன்னால் நடக்கிறவளும் பெரும்பாலும் அவள்தான். அகப்பட்ட இந்த இதழில் பாவம், துணைக்கு வந்தவர்கள் அவளைச் சற்று மறைத்துவிட்டார்கள். கதை எழுதுகிற ஒவ்வொருவனுக்கும் நேர்கிற விபத்துதான். நானும் இருபது வருஷமாகக் கதை எழுதுகிறவன். தொழில் ரகசியத்தைச் சொல்லி அவளைச் சமாதானப்படுத்தப் பார்த்தேன்.

"பொன்னியின் செல்வன் படிச்சியே, அதுல யாரை ரொம்பப் பிடிச்சுது?" என்றேன்.

"வந்தியத்தேவன்."

"புத்தகத்துக்கு யார் பேரு?"

கொஞ்சம் யோசித்தாள். பொன்னியின் செல்வரான அருள்மொழிவர்மர் கல்கியின் கதையில் முதல் பாகம் முழுவதும் கண்ணில் படுவதே இல்லை. இரண்டாம் பாகத்தில், ஈழத்தில்தான் தரிசனம் தருகிறார். அதுவரைக்கும், அதற்குப் பிறகும் குதிரை ஏறிச் சுற்றுகிறவன் வந்தியத்தேவன். ஆனாலும் கதை அருள்மொழியுடையதுதான் என்று நமக்குத் தோன்றுகிறது. இதையெல்லாம் நான் விளக்கிச் சொன்னேன்.

"அவரு கடைசியில ராஜ்யத்தையே குடுத்துடறாரு மாமா. குடுக்கறவருக்குப் பேரு வைக்கலாம். இந்தக்கா என்னா குடுத்தாங்க? இவங்களுக்கு யாரும் எடமே குடுக்கல."

சொல்லிவிட்டு, கொடியில் காயப் போட்ட துணியை எடுக்க வேண்டும் என்று ஓடிப்போய்விட்டாள். நான் உட்கார்ந்திருந்தேன்.

விட்டுக்கொடுப்பது வேறு, பறிகொடுப்பது வேறு என்பதைத்தான் அந்தக் குழந்தை சொல்லிவிட்டுப் போயிற்று. இரண்டிலும் முக்கியமான மனிதர் பின்னால் போய்விடுகிறார். பார்ப்பதற்கு ஒன்று போலவே இருக்கும். ஆனால் முதலாவது தர்மம். இரண்டாவதற்கு என்ன பெயர்? உதவிக்கு என்று வந்தவர்கள், உதவி பெறுகிறவளின் இடத்திலேயே உட்கார்ந்துகொண்டால் அதைத் தப்பு என்று சொல்லலாமா? அவர்கள் இல்லாவிட்டால் அவள் கதியே வேறாக இருந்திருக்குமே?

யோசிக்க யோசிக்க, இந்தக் கேள்வியை எங்கள் பக்கத்து ஜனங்கள் ஆண்டுக்கு ஒரு முறை விடிய விடியப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது.

பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் சுற்று வட்டாரத்தில் திரௌபதியம்மன் கோயில் உள்ள ஊர்கள் பல. இன்றைக்கு ஒரு பக்கம் சிப்காட் வளாகத்துப் புகைபோக்கிகள், இரும்பு உருக்கும் ஆலைகள், ஷிப்டு பஸ்கள். இன்னொரு பக்கம் அதே பழைய ஏரிக்கரை, அதே கோயில். கோடையில் பாரதத் திருவிழா நடக்கும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. திரௌபதி இங்கே வெறும் கதாபாத்திரம் அல்லள், அம்மன். அவளுக்காகத்தான் திருவிழா. அவள் பெயரில்தான் காப்புக் கட்டுகிறார்கள். அவளை வேண்டிக்கொண்டுதான் தீ மிதிக்கிறார்கள். இவளைவிடப் பெரிய கதாநாயகி உலகத்துச் சித்திரக் கதை எதிலும் இருக்க முடியாது.

ஆனால் 'துகில்' கூத்து நடக்கும் இரவில் போய்ப் பாருங்கள். கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக்கொண்டு துரியோதனன் வருகிறான். கிறுகிறுவென்று சுற்றி ஆடுகிறான். துச்சாதனன் வந்தால் முன் வரிசைக் குழந்தைகள் பின் வரிசைக்கு ஓடுகின்றன. கட்டியக்காரன் வாயைத் திறந்தால் சிரிப்பு. பீமன் சபதம் செய்யும்போது கைதட்டல். இத்தனை இரைச்சலுக்கும் நடுவில் புடைவை கட்டி வந்து நிற்கும் திரௌபதி வேஷக்காரருக்கு உள்ள பேச்சு மற்றவர்களுடையதில் கால்வாசி இருந்தால் அதிகம். சிறு பிள்ளையில் எனக்குத் துச்சாதனன் வேஷம்தான் பிடிக்கும். விடிந்த பிறகு துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு அவனைப் போல் உறுமிக்கொண்டு திரிந்திருக்கிறேன். எந்தப் பையனும் திரௌபதியாக விளையாடியதாக ஞாபகம் இல்லை.

பாரதியாருக்கும் இதே கதைதான். 'பாஞ்சாலி சபதம்' முதற்பாகம் 1912-இல் வெளிவந்தது. அழைப்புச் சருக்கம், சூதாட்டச் சருக்கம் என்று இரண்டு சருக்கங்கள். அதில் துரியோதனன் பொறாமையால் வேகிறான், சகுனி உபாயம் சொல்கிறான், திருதராஷ்டிரன் தயங்குகிறான், தருமன் தடுமாறுகிறான். பாஞ்சாலி என்ன செய்கிறாள்? வழியில் அர்ச்சுனன் சூரியாஸ்தமனத்தின் அழகை வர்ணிக்கிறான், அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். மிக அழகான வர்ணனை. ஆனால் பேசுகிறவன் அவன்! இரண்டாம் பாகம் கவிஞர் மறைந்த பிறகு 1924-இல்தான் அச்சேறிற்று. ஆக, பன்னிரண்டு வருஷ காலம் தமிழர்கள் கையில் இருந்த 'பாஞ்சாலி சபத'த்தில் பாஞ்சாலியும் பேசவில்லை, சபதமும் இல்லை.

அப்படியானால் கதை ஏன் அவளுடையது?

நான் கண்ட காரணம் இது. அந்தச் சபையில் எல்லாரும் ஏதேதோ செய்கிறார்கள். ஆனால் கேள்வி கேட்டவள் அவள் ஒருத்தி. சபைக்கு அழைத்துப் போக ஆள் வந்ததும் அவள் அழவில்லை, கேட்டாள். "என்னைத் தோற்றபோது அவர் தம்மை முன்பே தோற்றிருந்தாரா? தம்மை இழந்தவருக்கு என்னை வைத்து ஆட உரிமை ஏது?" என்பது அந்தக் கேள்வியின் சாரம். பீஷ்மருக்குப் பதில் வரவில்லை. தர்மம் சூட்சுமமானது என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். ஒரு கதை யாருடையது என்றால், அதில் அதிகம் பேசினவருடையது அல்ல. அதிகம் அடித்தவருடையதும் அல்ல. எவருடைய கேள்விக்கு விடை கிடைக்காவிட்டால் எல்லாமே இடிந்து விழுமோ, அவருடையது. நஷ்டம் யாருடையதோ, கதையும் அவருடையது.

இன்னொன்றையும் மறந்துவிடுகிறோம். வியாசர் சொல்லும் கதையில், கடைசியில் திருதராஷ்டிரன் பயந்துபோய் வரம் கேள் என்கிறான். முதல் வரத்தில் தருமனுக்கு விடுதலை கேட்கிறாள். இரண்டாவதில் மற்ற நால்வருக்கும் ஆயுதங்களோடு விடுதலை கேட்கிறாள். மூன்றாவது வரம் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறாள். மூழ்கிக்கொண்டிருந்த பாண்டவர்களைக் கரை சேர்த்த ஓடம் இவள் என்று கர்ணனே சொல்கிறான். ஐந்து மகாவீரர்களை அன்று மீட்டவள் அவள். நாம் நினைவில் வைத்திருப்பதோ பீமனுடைய கர்ஜனையை!

சரி, துணைக்கு வந்தவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள்? அன்று அவள் பக்கம் நின்றவர்களில் மூன்று பேரைப் பார்ப்போம்.

ஒருவன் பீமன். அவனுக்கு வந்தது கோபம். நியாயமான கோபம். ஆனால் கோபம் வந்தவுடன் அவள் கேள்வி அவனுக்கு மறந்துபோகிறது. தொடையைப் பிளப்பேன், மார்பைப் பிளப்பேன் என்ற சபதங்கள் அவனுடைய கதையை வளர்க்கின்றன. அவள் கேட்டது இரத்தம் அல்ல, பதில்.

இரண்டாமவன் விகர்ணன். கௌரவர்களில் ஒருவன், வயதில் இளையவன். பெரியவர்கள் வாய் மூடியிருந்தபோது எழுந்து, அவள் கேட்டது சரி, அவளைத் தோற்றது செல்லாது என்று காரணம் காட்டிப் பேசினவன் அவன். "நீ சிறுவன்" என்று கர்ணன் அதட்டினான். அண்ணனைப் பகைத்துக்கொண்டு நியாயம் சொன்ன அந்தப் பிள்ளை, பிறகு போரில் அண்ணன் பக்கமே நின்று பீமன் கையால் மாண்டான். கொன்ற பீமனே அவனுக்காக வருந்தினான் என்று பாரதம் சொல்கிறது. அவள் கேள்வியை மதித்துப் பதில் சொன்னவன் என்ற பெருமை அவனுக்கு உண்டு.

மூன்றாமவனை யாரும் கணக்கில் வைப்பதில்லை. அவளை அழைக்க முதலில் போன தேர்ப்பாகன். பிராதிகாமி என்பார்கள். ஏவலாள். துரியோதனன் சொல்லை மீறினால் தலை போகும். ஆனால் அவள் கேள்வியைக் கேட்டவுடன் அவளை இழுத்துக்கொண்டு வரவில்லை. தனியாகத் திரும்பிப் போனான். சபை நடுவில் நின்று, அவள் இப்படிக் கேட்கிறாள் என்று அவள் வார்த்தையை அப்படியே சொன்னான். மறுபடி போ என்று துரத்தியபோதும், "அவளுக்கு நான் என்ன பதில் சொல்லட்டும்?" என்று சபையைப் பார்த்துக் கேட்டான். உனக்குப் பீமனிடம் பயம் என்று துரியோதனன் ஏளனம் செய்தான். அதன் பிறகுதான் துச்சாதனன் புறப்பட்டான். தேர்ப்பாகன் கதையிலிருந்து போய்விடுகிறான்.

அவன் சபதம் செய்யவில்லை, வாதம் செய்யவில்லை, காப்பாற்றவும் இல்லை. அவளுடைய கேள்வியைச் சிந்தாமல் சிதறாமல் கொண்டுபோய்ச் சேர்த்தான், அவ்வளவுதான். துணை என்றால் அதுவே முதல் துணை என்று இப்போது நினைக்கிறேன். அது வாய்க்காத இடத்தில் மற்ற உதவிகள் எத்தனை வந்தாலும் உதவப்பட்டவள் தனியாகத்தான் நிற்கிறாள்.

துணைப் பாத்திரம் பிரகாசிக்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. மந்தமானவர்கள் நடுவில் ஒரு கதாநாயகி ஜொலித்து என்ன பிரயோஜனம்? வில்லி கார்வின் கத்தி வீசட்டும், சிரிக்க வைக்கட்டும். யாருடைய காரியத்துக்காக வந்திருக்கிறோம் என்பது அவனுக்கு ஞாபகம் இருந்தால் போதும். 'இளவரசி' என்று அவன் கூப்பிடுகிற ஒரு வார்த்தையில் அந்த ஞாபகம் இருக்கிறது.

எனக்கு அது இருந்ததா?

இதுவரை பாரதத்திலும் சித்திரக் கதையிலும் ஒளிந்துகொண்டிருந்தேன். இனி அது முடியாது. புத்தகம் வாங்கிப் போகும் அந்தப் பெண்ணின் தாயாரைப் பற்றி நான் இன்னும் சொல்லவில்லை.

ஏழு வருஷத்துக்கு முன் நடந்தது. அந்த அம்மாள் தொழிற்பேட்டையில் ஓர் ஆலையில் கான்ட்ராக்டர் மூலம் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். தகட்டை அழுத்தி வடிவம் எடுக்கும் பிரஸ் மிஷின். அந்த மிஷினில் இரண்டு பொத்தான்கள் உண்டு. இரண்டு கையாலும் இரண்டையும் ஒரே சமயத்தில் அமுக்கினால்தான் மேலே இருக்கும் அச்சு இறங்கும். கை உள்ளே இருக்கும்போது அது இறங்கிவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. உற்பத்தி குறைகிறது என்று யாரோ ஒரு பொத்தானை எந்நேரமும் அமுங்கியே இருக்கும்படி கட்டி வைத்துவிட்டார்கள். ஒரு கையால் தகட்டை வைக்கலாம், மறு கையால் பொத்தானை அமுக்கலாம்; நேரம் மிச்சம். ஓர் இரவு ஷிப்டில் அவளுடைய வலக்கையில் இரண்டு விரல்கள் போயின.

கான்ட்ராக்டர் அவளைத் தெரியவே தெரியாது என்றார். ஆலையின் ஏட்டில் பெயர் இல்லை. தெருவே திரண்டது. தொழிற்சங்கத்துக்காரர் ஒருவர் முன்னே நின்றார். ஒரு வக்கீல் பணம் வாங்காமல் வந்தார். மனு எழுத நான் போனேன். அந்தச் சங்கத்துக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை குறைத்துச் சொன்னாலும் எனக்குப் பாவம். தன் கூலியை இழந்து மாதக்கணக்கில் அலைந்தார். கும்மிடிப்பூண்டியும் திருவள்ளூரும் ஒரே மாவட்டம் என்று பெயர். ரயிலில் கலெக்டர் ஆபீசுக்குப் போவதென்றால் தெற்கே பேசின் பிரிட்ஜ் வரை இறங்கி வேறு வண்டி பிடிக்க வேண்டும். எத்தனையோ திங்கட்கிழமைகள் அந்த மனிதர் மனுவும் கையுமாக அப்படிப் போனார். அப்போது நடைமுறையில் இருந்த 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம், கான்ட்ராக்டரின் ஆளானாலும் ஆலை முதலாளிக்கும் பொறுப்பு உண்டு என்றது. ஒரு கையில் இரண்டு விரல் போனால் சம்பாதிக்கும் சக்தியில் 20 சதவீதம் நஷ்டம் என்று அதன் அட்டவணை கணக்குச் சொல்லிற்று. போராடி, அந்தப் பணம் வந்தது.

ஒரு கல்யாண மண்டபத்தில் பாராட்டுக் கூட்டம் நடந்தது. மேடையில் ஐந்து நாற்காலிகள். நாங்கள் ஐந்து பேர் உட்கார்ந்தோம். ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொண்டோம். அந்த அம்மாள் கீழே முன் வரிசையில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். அவளும் இரண்டு வார்த்தை பேசட்டுமே என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். "அந்தம்மா உணர்ச்சிவசப்பட்டிருக்காங்க, பேச முடியாது" என்று மைக்கைப் பிடித்திருந்தவர் அறிவித்தார். மைக்கைப் பிடித்திருந்தவன் நான்தான்.

வீடு திரும்பும்போது அவள் என்னிடம் வந்து கேட்டாள். "அண்ணா, அந்த மிஷின்ல பட்டன் கட்ட அவுத்துட்டாங்களா?"

"அவுத்திருப்பாங்கம்மா. இவ்வளவு நடந்திருக்கே" என்றேன்.

எனக்குத் தெரியாது. நான் விசாரிக்கவில்லை. ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தபோதே அவள் கேட்டது அந்தக் கேள்விதான்: "இப்ப அங்க யாரு நிக்கறாங்க?" நாங்கள் அதை இழப்பீடாக மொழிபெயர்த்துக்கொண்டோம். சட்டத்துக்கு எளிதாகப் புரிகிற பாஷை அது. எங்களுக்கு வெற்றி தரக்கூடிய பாஷையும் அதுதான். இயந்திரத்தின் ஆபத்தான பாகத்துக்குக் காப்பு வேண்டும் என்று அன்றைக்கு இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் சொல்லியிருந்தது. மனுவில் அதற்கு ஒரு வரி இருந்தது. பேச்சுவார்த்தையில் அந்த வரி எப்படியோ நழுவிற்று. பணம் வருகிற சமயத்தில் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம் என்று நாங்கள் எல்லாருமே நினைத்தோம். அவளை யாரும் கேட்கவில்லை.

இத்தோடு விட்டேனா? ஒரு சிறுகதையும் எழுதினேன். வாசகர்கள் பாராட்டிக் கடிதம் எழுதினார்கள். இப்போது அதை எடுத்துப் படித்துப் பார்த்தேன். முதல் பக்கத்தில் கதாநாயகி அலறுகிறாள். கடைசிப் பக்கத்தில் கை கூப்புகிறாள். இடையில் ஒரு தொழிலாளர் தலைவர் முழங்குகிறார்; ஒரு வக்கீல் மடக்குகிறார்; ஓர் எழுத்தாளன் ஜன்னலோரம் நின்று மனித குலத்தைப் பற்றிச் சிந்திக்கிறான். அவள் நடுவில் நடுவில் வந்து நிற்கிறாள். பட்டனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அது கதையின் ஓட்டத்தைக் கெடுக்கும் என்று எடுத்துவிட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அந்தக் கதை உள்ள தொகுதியை அவள் மகள் போன வருஷம் என்னிடம் வாங்கிப் போனாள். திருப்பித் தந்தபோது அபிப்பிராயம் எதுவும் சொல்லவில்லை. எந்தப் புத்தகத்துக்கும் ஏதாவது சொல்கிற பெண் அதற்கு மட்டும் ஒன்றும் சொல்லாமல் அலமாரியில் வைத்துவிட்டுப் போனாள். நான் அதை அப்போது கவனிக்கவில்லை. மாடஸ்டியைப் பற்றி அவள் சொன்ன பிறகுதான் உறைத்தது.

நாங்கள் கெட்டவர்கள் அல்லோம். பணம் வந்திராவிட்டால் அந்தப் பெண்ணின் படிப்பு நின்றிருக்கும். பீமனுடைய கோபம் இல்லாவிட்டால் பாரதமே இல்லை. மாலை விழும் என்ற ஆசை கொஞ்சம் இல்லாவிட்டால் பிறர் காரியத்துக்கு எத்தனை பேர் அலைவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். மாலையில் குற்றம் இல்லை. அவள் கேட்ட கேள்வியைக் கீழே போட்டுவிட்டு, அந்தக் கையில் மாலையை வாங்கிக்கொண்டோமே, குற்றம் அங்கே இருக்கிறது. ஒருவருக்கு உதவுகிறவன் அவருடைய சுமையை வாங்கிக்கொள்ளலாம். அவருடைய கேள்வியை மாற்றிக்கொள்ள அவனுக்கு உரிமை இல்லை. அது மாறின கணத்திலிருந்து அவன் தன் கதையைத்தான் நடத்துகிறான். அவள் அதில் ஓர் உபபாத்திரம்.

மறுநாள் மாலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஏழு வருஷம் தாமதமாகப் போகிறவனுக்கு எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. காப்பி கொடுத்தாள். அந்த மிஷினைப் பற்றிக் கேட்டேன்.

"அங்க இப்ப வேற பொண்ணுங்க நிக்கறாங்கண்ணா. ஒரிசா பக்கத்துப் பொண்ணுங்க. பட்டன் எப்படிக்கீதுன்னு யாருக்குத் தெரியும்?" என்றாள்.

தொழிலகப் பாதுகாப்புத் துறைக்கு ஒரு மனு எழுதலாமா என்றேன். "எழுதுங்க, நானே சொல்றேன்" என்றாள். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். மிகவும் சிறிய மனு. இன்ன தேதியில் இன்ன மிஷினில் என் விரல் போயிற்று; ஒரு பட்டனைக் கட்டி வைத்திருந்தார்கள்; இப்போதும் கட்டி வைத்திருக்கிறார்களா என்று நேரில் பார்த்து எனக்குப் பதில் சொல்ல வேண்டும். இவ்வளவுதான். என் கை பரபரத்தது. 'மனிதாபிமான அடிப்படையில்' என்று ஒரு சொற்றொடர் நாக்கு நுனி வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். இருபது வருஷ எழுத்து வாழ்வில் ஒரு வார்த்தையும் கூட்டாமல் நான் எழுதியது அது ஒன்றுதான்.

மீதியிருக்கும் மூன்று விரல்களால் பேனாவைப் பிடித்து நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். மகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதிக் கொடுத்தவர்னு கீழே என் பேரையும் போடட்டுமா?" என்று கேட்டேன். பழக்க தோஷம்.

"உங்க பேரு எதுக்குண்ணா? கேக்கறது நானு" என்றாள்.

மறுநாள் தபாலில் சேர்த்தேன். பதில் இன்னும் வரவில்லை. வந்தால் அவள் பெயருக்குத்தான் வரும்.